மூன்று நாள் தேடிய பெற்றோர்: வளரும் பிள்ளைகளின் படிப்பில் நம் பங்கு எவ்வளவு?

(திருக்குடும்ப விழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. பங்கு மக்களின் வாசிப்புக்காக இங்கே எழுத்து வடிவில் தருகிறோம்.)



கிறிஸ்து பிறப்பு விழா முடிந்தும் நம் வீடுகளில் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. அரையாண்டுத் தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள் விடுமுறையில் வீட்டில் இருக்கிறார்கள். இன்னும் சில நாள்களில் பள்ளி திறக்கும். திருத்திய விடைத்தாள்கள் கைக்கு வரும். அதன் பின்னால் மதிப்பெண் அட்டை வரும். அந்த அட்டையில் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பல வீடுகளில் அந்தக் கட்டத்தை நிரப்புகிற நேரம்தான் சண்டையின் நேரம். அப்பா கத்துகிறார், அம்மா அழுகிறார், பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சில வீடுகளிலோ சண்டையே இல்லை. அட்டையைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அன்பியக் கூட்டங்களில் பெற்றோர் நம்மிடம் கேட்கிற கேள்வி இதுதான்: "பிள்ளை ஒன்பதாவது, பத்தாவது வந்துட்டான். அவன் படிப்புல நாங்க எவ்வளவு தூரம் தலையிடணும்? டீச்சர்கிட்ட எப்பப் போய்ப் பேசணும்? எப்ப விட்டுடணும்?" நல்ல கேள்வி. திருக்குடும்பத்தின் கதையை வைத்தே இதற்கு விடை தேடுவோம்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை

லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை நாம் எல்லாரும் அறிவோம். இயேசுவுக்குப் பன்னிரண்டு வயது. பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போய்விட்டு ஊர் திரும்புகிறார்கள். பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்து, அன்னை மரியாவும் சூசையப்பரும் ஒரு நாள் பயணம் வந்துவிடுகிறார்கள். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போயிருப்பவர்களுக்கு இது புரியும். பையன் முன்னால் இளைஞர் கூட்டத்தோடு நடக்கிறான் என்று நாம் நினைத்திருப்போம். அவன் பின்னால் வருகிறவர்களோடு இருக்கிறான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். இரவு தங்குமிடத்தில்தான் பிள்ளை இல்லை என்பது தெரியும்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது: அந்த ஒரு நாள் அவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பினார்கள். அதை நற்செய்தி குற்றமாகச் சொல்லவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு நடக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது பெற்றோரின் அசட்டை ஆகாது.

இரண்டாவது: காணவில்லை என்று தெரிந்ததும் இருவரும் திரும்பினார்கள். முதலில் உறவினரிடமும் தெரிந்தவர்களிடமும் தேடினார்கள். அங்கே இல்லை. மூன்றாம் நாள் ஆலயத்தில், போதகர்கள் நடுவில் கண்டார்கள். நாமும் அப்படித்தான் செய்கிறோம். பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று சித்தப்பாவிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்கிறோம், டியூஷன் அக்காவிடம் கேட்கிறோம். வகுப்பாசிரியரிடம் கேட்பதுதான் கடைசி.

மூன்றாவது: போதகர்கள் நடுவில் பிள்ளை கேட்டுக்கொண்டும் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தார். அவருடைய அறிவுத்திறனைக் கண்டு எல்லாரும் வியந்தார்கள். பெற்றோர் வந்ததும் அந்தப் போதகர்களிடம் சண்டை போடவில்லை. "மற்றப் பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளை எப்படி?" என்று ஒப்பிட்டும் கேட்கவில்லை. அன்னை மரியா பிள்ளையிடம் பேசுகிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். தானும் அவர் தந்தையும் பட்ட வேதனையைச் சொல்கிறார். அதில் மிரட்டல் இல்லை. தந்தையையும் சேர்த்தே பேசுகிறார் என்பதையும் நாம் மறக்க வேண்டாம். பிள்ளையைத் தேடுவது அம்மாவின் வேலை மட்டும் இல்லை.

நான்காவது: பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை. நற்செய்தியே அப்படித்தான் சொல்கிறது. புரியாத பதிலை அன்னை மரியா தூக்கி எறியவில்லை. உள்ளத்தில் வைத்துக்கொண்டார். பிள்ளையும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குப் பணிந்து நடந்தார், ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்தார்.

நம்புவது, தேடுவது, கேட்பது, புரியாததைப் பொறுத்துக்கொள்வது. வளரும் பிள்ளையின் படிப்பில் பெற்றோரின் பங்கு என்ன என்பதற்கு இந்த நான்குமே விடை. பாடத்தை நாம் படிக்க வேண்டியதில்லை. பாடத்தைப் படிக்கிற பிள்ளையை நாம் படிக்க வேண்டும்.

செலவு செய்தார், பிள்ளையைப் பார்க்கவில்லை

இதைச் செய்யாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் திரு அவையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்த 'ஒப்புதல்கள்' என்ற நூலில் தம் பள்ளி நாள்களைப் பற்றிச் சொல்கிறார். பள்ளியில் ஆசிரியர் அடித்தார். அடி படக் கூடாது என்று அந்தச் சிறுவன் கடவுளிடம் வேண்டினான். வீட்டில் பெரியவர்கள் அந்த அடியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருடைய பெற்றோரும் சிரித்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் கழித்து, ஆயர் ஆன பிறகும் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

நம் ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோலை உரிச்சிடுங்க சார்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் காதில் அது எப்படி விழும்? 'எனக்கு ஒன்று என்றால் இவர்கள் என் பக்கம் நிற்க மாட்டார்கள்' என்றுதான் விழும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் தடுத்ததை நாமே கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது.

அகுஸ்தினாரின் தந்தை பத்ரீசியுஸ் பணக்காரர் அல்லர். மகனைக் கார்த்தேஜ் நகருக்கு மேற்படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று தம் சக்திக்கு மீறிப் பணம் சேர்த்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது. பணம் சேரும் வரை பதினாறு வயது மகன் ஓராண்டு வீட்டில் சும்மா இருந்தான். அந்த ஆண்டில்தான் கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினான். மகன் நன்றாகப் பேசத் தெரிந்தவனாக வர வேண்டும் என்று கவலைப்பட்ட தந்தை, எப்படிப்பட்ட மனிதனாக வளர்கிறான் என்று கவலைப்படவில்லை என்பதே அகுஸ்தினாரின் வருத்தம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற நாம் எல்லாரும் இந்தத் தந்தையிடம் நம்மைப் பார்க்கலாம்.

அவருடைய தாய் புனித மோனிக்காவின் கதை இன்னொரு பாடம். மகன் தவறான கொள்கையில் விழுந்தபோது, மோனிக்கா ஓர் ஆயரிடம் போய், அவனோடு பேசித் திருத்துங்கள் என்று கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் ஏற்கிற நிலையில் அவன் இல்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காகச் செபியுங்கள், படித்துப் படித்து அவனே உண்மையைக் கண்டுகொள்வான் என்றார். தாமும் இளமையில் அதே கொள்கையில் இருந்து, நூல்களைப் படித்தே வெளியே வந்ததையும் சொன்னார். மோனிக்கா விடவில்லை, அழுதார். இத்தனை கண்ணீருக்கு உரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்ற பொருளில் சொல்லி அவரை ஆயர் அனுப்பிவைத்தார். நல்ல ஆசிரியர் சில நேரம் பெற்றோரிடம் 'கொஞ்சம் பொறுங்கள்' என்றுதான் சொல்வார். அதைக் கேட்கிற மனம் நமக்கு வேண்டும்.

நம் மண்ணில் ஒரு மகள்

வெகுதூரம் போக வேண்டாம். நம் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஏழைத் தாய்மாருக்கு அரசு தருகிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அவர் பெயரைக் கேட்டிருப்போம். அவருடைய தந்தை நாராயணசாமி அய்யர், இங்கே மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். பெண் பிள்ளைகள் படிப்பது அரிதான அந்தக் காலத்தில் மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். ஆசிரியர்களோ பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டு, தந்தை நினைத்ததைவிடக் கூடுதலாகவே கற்றுக்கொடுத்தார்கள். பெற்றவர் கண்ணுக்குத் தெரியாததைச் சில நேரம் ஆசிரியர் கண்டுகொள்வார்.

பருவமடைந்ததும் அன்றைய வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. தாய் சந்திரம்மாளுக்கு மகளின் திருமணத்தைப் பற்றிய கவலை. அதுவும் ஒரு தாயின் நியாயமான கவலைதான். ஆனாலும் வீட்டிலேயே படிப்பு தொடர்ந்தது. 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவராக வெளியே வந்தார். 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் போனார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அந்தத் தந்தை செய்தது என்ன? கதவைத் திறந்துவிட்டார். படிக்க இடம் செய்து கொடுத்தார். ஆசிரியர்கள் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்ததைத் தடுக்கவில்லை. தேர்வை எழுதியது மகள். எந்தத் துறைக்குப் போவது என்ற உறுதியும் மகளுடையது.

"அவர் கல்லூரி முதல்வர். எங்களுக்கு எழுத்தே தெரியாதே" என்று யாராவது நினைக்கலாம். அவர்களுக்கும் நம் மாவட்டமே பதில் வைத்திருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வயலில் வேலை செய்த பெண்களும் கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றார்கள். பகலில் சைக்கிள் பழகினார்கள். கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாய்மாரின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் பள்ளிகளில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிறார்கள். ராத்திரி விளக்கில் கற்றுக்கொண்ட அந்தக் கையெழுத்து, பேரப்பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் விழும்போது அது வெறும் சடங்கு ஆகக் கூடாது. 'நான் பார்த்தேன், நான் உன்னோடு இருக்கிறேன்' என்று அந்தக் கையெழுத்து பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இனி நடைமுறைக்கு வருவோம். ஆறாம், ஏழாம் வகுப்பில் பிள்ளையின் நோட்டை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. எழுதியிருக்கிறதா, ஆசிரியர் சிவப்பு மையில் ஏதாவது குறித்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் நோட்டைப் பார்ப்பதைக் குறைத்து, பேச்சைக் கூட்ட வேண்டும். "இன்னைக்கு எந்தப் பாடம் புரியல?" என்று கேட்கலாம். "எத்தனை மார்க்?" என்ற கேள்விக்கு ஒரு எண்தான் பதிலாக வரும். "எது புரியல?" என்ற கேள்விக்குப் பிள்ளையே பதிலாக வரும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நேரத்தைப் பிள்ளையே வகுக்கட்டும். நாம் அந்த நேரத்தைக் காப்பாற்றிக் கொடுப்போம். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது, ரேஷன் கடைக்கும் தண்ணீருக்கும் அந்த நேரத்தில் அனுப்பாமல் இருப்பது, விளக்கும் ஒரு மூலை இடமும் தருவது. இதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

வேலை பங்கிடுவதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வேறுபாடு வேண்டாம். தங்கை பாத்திரம் கழுவி முடித்துப் பத்து மணிக்கு நோட்டைத் திறக்கிறாள், அண்ணன் ஆறு மணிக்கே படித்து முடித்துவிட்டான் என்றால், இருவருடைய மதிப்பெண்ணையும் ஒப்பிட நமக்கு உரிமை இல்லை.

பிள்ளைக்காக வீட்டுப்பாடத்தை நாம் எழுதித் தரக் கூடாது. ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து தருவது, செயல்திட்டத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வருவது இவையெல்லாம் உதவி போலத் தெரியும். ஆனால் 'உன்னால் முடியாது' என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. செய்யாமல் போனதற்கு ஆசிரியரிடம் ஒருநாள் பதில் சொல்லி நிற்கட்டும். அந்த நிற்றல் ஒரு நல்ல பாடம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையின் ஏழாம் அதிகாரத்தில், பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு நிமிடமும் கண்காணிப்பது வளர்ப்பு ஆகாது என்கிறார். அதன் உள்ளம் எங்கே இருக்கிறது, எதை நோக்கிப் போகிறது என்று அறிவதுதான் முக்கியம் என்கிறார். கைப்பேசியில் பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நமக்கு இது நேராகச் சொன்னது போல இருக்கிறது.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று தெளிவாகச் சொல்கிறது. பள்ளி அந்தப் பொறுப்பில் நமக்குத் துணை. ஆகவே பள்ளிக்குள் நுழையும்போது கூனிக்குறுகவும் வேண்டாம், அதிகாரம் செய்யவும் வேண்டாம். இருவரும் ஒரே பிள்ளைக்காக உழைக்கிறவர்கள்.

முதலாவது, பிரச்சினை வரும் முன்பே ஆசிரியரைத் தெரிந்துகொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை போய், "நான் இன்னாருடைய அம்மா. இவனுக்குக் கணக்கு என்றால் பயம். வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். பின்னால் ஒரு சிக்கல் வரும்போது அறிமுகம் இருக்கும்.

இரண்டாவது, போகும் முன் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவோம். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் பள்ளியில் போய் நின்றால், அது கூட்டாளிகள் முன்னால் அவமானப்படும். சின்னச் சிக்கல் என்றால் முதலில் பிள்ளையே ஆசிரியரிடம் பேசட்டும். "சார், இந்தக் கேள்விக்கு ஏன் மார்க் குறைஞ்சது?" என்று பணிவாகக் கேட்கப் பழகட்டும். இயேசுவும் போதகர்கள் நடுவில் தாமேதான் கேள்வி கேட்டார். அது முடியாமல் போனால் நாம் கூடப் போவோம்.

மூன்றாவது, பிள்ளை முன்னால் ஆசிரியரைக் குறை பேச வேண்டாம். ஆசிரியர் முன்னால் பிள்ளையை இழிவாகப் பேசவும் வேண்டாம். "இது உருப்படாது டீச்சர்" என்று தாய் சொன்ன பிறகு, அந்தப் பிள்ளையை உயர்த்த ஆசிரியர் எவ்வளவு பாடுபட வேண்டும்! குறையைச் சொல்லும்போது கூடவே ஒரு நிறையையும் சொல்வோம்.

நான்காவது, வாட்ஸ்அப் குழுவைப் பற்றி. வகுப்புக் குழுவில் இரவு பத்து மணிக்கு ஆசிரியரைக் கேள்வி கேட்பதும், மதிப்பெண் பற்றி எல்லாரும் பார்க்கச் சண்டையிடுவதும் நல்லதல்ல. ஆசிரியருக்கும் ஒரு குடும்பம் உண்டு. தனிப்பட்ட விஷயத்தை நேரில் பேசுவோம்.

ஐந்தாவது, கூட்டங்களுக்குப் போவோம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை, இடையில் நின்றுபோன பிள்ளைகள் இவற்றையெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். டீக்கடையில் பேசித் தீராதவை அங்கே தீரலாம். ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். அதனால் அன்பியத்தில் கலந்து பேசி, ஒரு தெருவுக்கு இருவராவது முறைவைத்துப் போய், மற்றவர்களுக்கு வந்து சொல்லலாம்.

தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ திருப்பூரிலோ வேலை செய்கிற வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. கடலுக்குப் போகிற தந்தையரும் உண்டு. அவர்கள் தொலைபேசியில் பேசும்போது முதல் கேள்வி மதிப்பெண்ணாக இருக்க வேண்டாம். தாத்தா பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகளுக்கு, அன்பியத்தில் படித்த ஓர் அண்ணனோ அக்காவோ பள்ளிக் கூட்டத்துக்குத் துணையாகப் போகலாம். அதுவும் ஒரு திருத்தூதுப் பணியே.

உடனே போக வேண்டிய நேரங்கள்

பொறுத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் திடீரென்று சரிந்தால், பள்ளிக்குப் போகவே பயந்தால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், 'நான் இருந்து என்ன பயன்' என்பது போலப் பேசினால், அது சோம்பல் இல்லை. அன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். யாராவது தவறாகத் தொட்டார்கள், தவறாகப் பேசினார்கள் என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்ப வேண்டும். "வெளியே சொல்லாதே, படிப்பு கெட்டுடும், மானம் போயிடும்" என்று வாயை அடைக்கக் கூடாது. 1098 என்ற எண்ணில் சிறுவர் உதவி மையம் இருக்கிறது. படிப்பு, தேர்வு பற்றிய கலக்கத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. மூன்றையும் வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம்.

மே மாதத்தில் தேர்வு முடிவு வருகிற நாளை நாம் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் சில வீடுகளில் விளக்கு அணைந்துபோகிறது. முப்பத்தைந்து மதிப்பெண் எடுக்க முடியாமல் போனதற்காக ஒரு பிள்ளை உயிரை விடுவது நம் எல்லாருடைய தோல்வி. தேறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறினால் ஓர் ஆண்டு வீணாகாமல் மேலே படிக்கலாம். இதை முடிவு வந்த பிறகு சொல்வதைவிட, ஜனவரியிலேயே பிள்ளையிடம் சொல்லிவைப்பது நல்லது: "நீ எந்த மார்க் வாங்கினாலும், அன்னைக்கு நீ நேரா நம்ம வீட்டுக்குத்தான் வரணும். நாங்க காத்திருப்போம்." இந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றும்.

தேறவில்லை என்றவுடன் பையனை மில்லுக்கு அனுப்புவதும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் வேண்டாம். முதலில் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்ப்போம். மூன்று நாள் தேடிய பெற்றோர் நமக்கு முன்மாதிரி. மூன்று நாளாவது நாமும் தேட வேண்டும்.

பங்கும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017 முதல் தமிழக அரசே பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நாமோ பங்குத் திருவிழா மேடையில் இன்னும் முதல் மதிப்பெண்ணுக்கு மட்டுமே பரிசு கொடுக்கிறோம். துணைத் தேர்வில் தேறிய பிள்ளையையும், நின்றுபோன படிப்பைத் தொடர்ந்த பிள்ளையையும் அதே மேடைக்கு அழைத்தால் என்ன? காணாமல் போன ஆட்டைத் தேடிய ஆயரின் மக்கள் அல்லவா நாம்!

அன்புக்குரியவர்களே, இந்த வாரம் மதிப்பெண் அட்டை வரும்போது ஒன்று செய்வோம். பேனாவை எடுக்கும் முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்போம். எண்ணைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்போம். "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்போம். பதில் புரியாமல் போனாலும் அன்னை மரியாவைப் போல உள்ளத்தில் வைத்துக்கொள்வோம். பிறகு கையெழுத்துப் போடுவோம்.

செபிப்போமாக: நாசரேத்தின் திருக்குடும்பத்தை எங்களுக்குத் தந்த இறைவா, எங்கள் பிள்ளைகளை நம்பி நடக்கவிடவும், அவர்கள் தடுமாறும்போது சளைக்காமல் தேடிப் போகவும், கேட்டுப் பொறுத்துக்கொள்ளவும் எங்களுக்கு அருள் தாரும். அவர்களுக்குக் கற்றுத்தருகிற ஆசிரியர்களை ஆசீர்வதியும். தேர்வுக்கு அஞ்சி உறங்காதிருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உம் அமைதியைத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.